இரண்டு மேசைக்கரண்டி ரத்தம் போதும்! தெரியுமா?

சாதாரண வீட்டு டிரில் மெஷினால் ஒரு பையனின் மண்டையோட்டைத் துளைத்து உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்கள், தெரியுமா? 2009-ல், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மேரிபரோ என்ற சிற்றூரில் நடந்தது இது. 12 வயதுப் பையன் சைக்கிளிலிருந்து விழுந்தான். எழுந்து வீட்டுக்கும் வந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் தலைவலி. ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே நினைவு தப்பத் தொடங்கியது; ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதானது. மண்டைக்குள் ரத்தம் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று ஊர் மருத்துவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அது சின்ன ஆஸ்பத்திரி. மண்டையோட்டைத் துளைக்கும் கருவி அங்கே கிடையாது. நியூரோ சர்ஜன் இருப்பதோ மெல்பர்னில். பராமரிப்பு அறையிலிருந்து டிரில்லைக் கொண்டுவரச் சொன்னார். கிருமி நீக்கினார்கள். மெல்பர்ன் சர்ஜன் தொலைபேசியில் எங்கே, எவ்வளவு என்று சொல்லச் சொல்ல, இவர் காதுக்கு மேலே துளைத்தார். ரத்தம் வெளியே வந்தது. பையன் ஹெலிகாப்டரில் மெல்பர்ன் போய், சில நாளில் நல்லபடியாக வீடு திரும்பினான். என்னைக் கேட்டால் டிரில்லைவிட அந்தத் தொலைபேசி அழைப்புதான் பெரிய அதிசயம்!

சரி, மூளைச் சிக்கலுக்கு ஒரு துளை எப்படிப் போதுமானது? பல நேரம் மூளைக்கு இன்னும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதால்தான். ரத்தம் தேங்குவது மூளைக்கு வெளியே, மண்டையோட்டுக்கு உள்ளே. இடமில்லாமல் மூளை நெரிபடுகிறது. இதை 1783-ல் எடின்பரோவின் அலெக்சாண்டர் மன்றோவும், 1824-ல் ஜார்ஜ் கெல்லியும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இன்று அந்தக் கணக்கு இதுதான்: மண்டையோடு விரியாது, உள்ளே இருப்பவை மூளை, ரத்தம், நீர். ஒன்று கூடினால் இன்னொன்று குறைந்தாக வேண்டும்.

அந்த நீர் என்ன சாதாரணமா? மூளையைச் சுற்றியும் தண்டுவடத்தைச் சுற்றியும் ஏறக்குறைய 150 மில்லி இருக்கிறது. சுமார் 1,400 கிராம் மூளை அதில் மிதப்பதால், அதன் எடை வெறும் 50 கிராம் அளவுக்கே உணரப்படுகிறது! ரத்தம் கசியத் தொடங்கியதும் முதலில் விட்டுக்கொடுப்பதும் இந்த நீர்தான். முதுகுப் பக்கமாக இறங்கி இடம் தருகிறது. அதனால்தான் அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து, காபி குடித்து, “எனக்கு ஒன்றுமில்லை” என்கிறார். விட்டுக்கொடுக்க இனி நீர் இல்லை என்ற கட்டம் வந்ததும் அழுத்தம் கிடுகிடுவென ஏறும். மண்டையோட்டுக்கும் மூளையின் வெளியுறைக்கும் நடுவே தேங்கிய ரத்தம் 30 மில்லியைத் தாண்டினால், நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தாலும் அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும் என்பது மூளைக்காய வழிகாட்டு விதி. 30 மில்லி என்றால் இரண்டே மேசைக்கரண்டி!

மூளைக்கு மூன்று உறை உண்டு என்று பள்ளியில் படித்திருப்போம். வெளியே தடித்த டியூரா, நடுவில் மெல்லிய அரக்னாய்டு, மூளையை ஒட்டியே பயா. எந்த இடுக்கில் ரத்தம் சேர்கிறதோ அதற்கேற்பப் பெயரும் ஆபத்தும் வேகமும் மாறும். எலும்புக்கும் டியூராவுக்கும் நடுவே சேர்ந்தால் எக்ஸ்ட்ராடியூரல். பெரும்பாலும் நெற்றிப்பொட்டில் விழும் அடி இதற்குக் காரணம். மண்டையோடு அங்கேதான் மிக மெல்லிது. அதன் உட்புறத்தை ஒட்டி ஓடுவதோ ஒரு தமனி! நெற்றிப்பொட்டில் அடிக்காதே என்று பெரியவர்கள் பதறுவது சும்மா இல்லை.

இந்த வகையில்தான் அந்தக் கொடுமையான ‘தெளிவு நேரம்’ வருகிறது. 2009 மார்ச் 16 அன்று நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கனடாவின் மோன் ட்ராம்ப்லானில், பனிச்சறுக்கு கற்றுக்கொள்பவர்களுக்கான சரிவில் விழுந்தார். சிரித்துக்கொண்டே எழுந்தார். வந்த ஆம்புலன்ஸ் தேவையில்லை என்று திரும்பிப் போனது. ஒரு மணி நேரத்தில் தலைவலி. இரண்டு நாளில் இறந்துவிட்டார். வயது 45. பிரேதப் பரிசோதனை சொன்ன காரணம் எக்ஸ்ட்ராடியூரல் ரத்தக்கட்டு. “நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தார்” என்று நம் ஊரில் விபத்துக்குப் பிறகு சொல்வோமே, அந்த வாக்கியம் மருத்துவர் காதில் ஆறுதலாக விழாது. அது அவருக்கு ஒரு நோய்க்குறி.

மண்டையில் துளை போடுவது புதிய வித்தை என்று நினைத்தால், பிரான்சின் என்சிஷைமில் கிடைத்த மண்டையோட்டைக் கேளுங்கள். வயது சுமார் 7,000 ஆண்டு! துளையின் ஓரத்தில் எலும்பு ஆறி வளர்ந்திருக்கிறது. அதாவது, துளைத்த பிறகும் அந்த மனிதர் வாழ்ந்திருக்கிறார். காஷ்மீரின் புர்ஸஹோமில் கிடைத்த சுமார் 4,000 ஆண்டுப் பழமையான மண்டையோட்டிலும் பல துளைகள். ஏன் துளைத்தார்கள் என்பதற்கு ஒரே விடை கிடையாது. அடிபட்ட ரத்தத்தை வெளியேற்றவும் இருக்கலாம், சடங்காகவும் இருக்கலாம். ஆனால் பெருவின் இன்கா காலக் கணக்கைக் கேட்டால் தலை சுற்றும். மண்டை துளைக்கப்பட்டவர்களில் 75 முதல் 83 சதவீதம் பேர் பிழைத்திருக்கிறார்கள் என்று 2018-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. சில நூற்றாண்டு கழித்து நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் மண்டை அறுவை செய்துகொண்ட வீரர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் செத்துப்போனார்கள்!

இன்னொன்று. துளைப்பானை அடிக்கடி எடுத்துக் குளிர்ந்த நீரில் தோய்க்கச் சொல்கிறது ஹிப்போகிராட்டஸ் பெயரில் உள்ள தலைக்காய நூல். சூட்டில் எலும்பு கருகக் கூடாதாம். இன்றைய ஆபரேஷன் தியேட்டரிலும் டிரில் சுழலும்போது பக்கத்தில் ஒருவர் சலைன் பீய்ச்சிக்கொண்டே இருப்பார். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் கடந்தும் காரணம் அதேதான். மாறியிருப்பது டிரில். எலும்பின் உள்தட்டு உடைந்த கணமே தானாக நின்றுவிடும் கிளட்ச் அதில் இருக்கிறது, மூளைக்குள் பாயாது.

அரசனுக்கும் விதிவிலக்கு இல்லை. 1559-ல் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஹென்றி குதிரையேறி ஈட்டிப்போட்டியில் இறங்கினார். முறிந்த ஈட்டியின் சிம்பு கண்ணருகே பாய்ந்தது. ஐரோப்பாவின் தலைசிறந்த சர்ஜன் அம்ப்ராய்ஸ் பரே வந்தார். உடற்கூறியலின் தந்தை வெசேலியஸும் வந்து சேர்ந்தார். ஒன்றும் பலிக்கவில்லை. பத்தாம் நாள் மன்னர் இறந்தார். மண்டையைத் திறந்து பார்த்தால், அடிபட்ட இடத்துக்கு நேரெதிர்ப் பக்கத்தில், உறைகளுக்கு நடுவே ரத்தம்! அடி ஒரு பக்கம், கசிவு மறுபக்கம் என்பதை பரே எழுதி வைத்தார். இன்றும் சி.டி. ஸ்கேன் பார்க்கும் மருத்துவர் வீங்கிய பக்கத்தோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்.

ஆமாம், சி.டி. இல்லாத காலத்தில் உள்ளே ரத்தம் எந்தப் பக்கம் என்று எப்படித்தான் கண்டுபிடித்தார்கள்? முதல் துப்பு கண். 1867-ல் லண்டனின் ஜொனாதன் ஹட்சின்சன் கவனித்தார்: ரத்தக்கட்டு உள்ள பக்கத்துப் பாவை விரிந்து, வெளிச்சம் அடித்தாலும் சுருங்காது. மேரிபரோ மருத்துவருக்கு உதவியதும் இதே அடையாளம்தான். இரண்டாம் துப்பு, மூளையின் நட்ட நடுவில் இருக்கும் பீனியல் சுரப்பி. வயது வந்தவர் பலருக்கு அதில் சுண்ணாம்பு படிந்து எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். புள்ளி நடுக்கோட்டை விட்டு நகர்ந்திருந்தால் ஏதோ அதைத் தள்ளுகிறது! மூன்றாவது இன்னும் சுவாரசியம். 1950-களில் ஸ்வீடனின் லார்ஸ் லெக்ஸெல், உலோகத்துக்குள் விரிசல் தேடும் அல்ட்ராசவுண்ட் கருவியை அடிபட்ட குழந்தையின் தலையில் வைத்து, நடுக்கோடு நகர்ந்திருப்பதை எதிரொலியில் கண்டுபிடித்தார். எதுவும் கைகொடுக்காவிட்டால்? இரு பக்கமும் துளைத்துப் பார்ப்பதுதான் வழி.

அப்புறம் வந்தது 1971 அக்டோபர் 1. லண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் ஒரு பெண்மணியின் தலை, உலகில் முதல்முறையாக சி.டி. ஸ்கேனில் படமானது. அந்தக் கருவியைச் செய்தவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு. மருத்துவர் அல்ல, பொறியாளர். பல்கலைக்கழகப் பட்டம்கூட இல்லை. சோதனைக்கு மாட்டு மூளையைப் பையில் போட்டுக்கொண்டு லண்டன் பொதுப் போக்குவரத்தில் போய்வந்த மனிதர்! 1979-ல் ஆலன் கோர்மக்குடன் நோபல் பரிசு. அவர் வேலை பார்த்த இ.எம்.ஐ., பீட்டில்ஸ் இசைத்தட்டுகளை வெளியிட்ட அதே கம்பெனி. ‘பீட்டில்ஸ் பணத்தில் பிறந்த ஸ்கேன்’ என்று ஒரு கதை உலவுகிறது. நல்ல கதைதான். ஆனால் கணக்கைத் தோண்டிப் பார்த்தவர்கள், பிரிட்டன் சுகாதாரத் துறை போட்ட பணமே பல மடங்கு அதிகம் என்கிறார்கள்.

சி.டி. படத்தில் ரத்தத்தின் வயதே தெரியும், தெரியுமா? புது ரத்தம் வெள்ளை. நாளாக ஆக மங்கும். இரண்டு மூன்று வாரத்தில் மூளையின் சாம்பல் நிறத்தோடு கலந்து கண்ணை ஏமாற்றும். அதற்கும் மேலே போனால் கறுப்பு. வடிவமும் பேசும். டியூரா எலும்போடு இறுக ஒட்டியிருப்பதால் எக்ஸ்ட்ராடியூரல் ரத்தம் பரவ முடியாமல் லென்ஸ் வடிவில் புடைக்கும். டியூராவுக்கு உள்ளே தேங்கும் சப்டியூரல் வழுக்கிப் பரவிப் பிறை வடிவம் கொள்ளும். ஈஷா நிறுவனர் ஜக்கி வாசுதேவுக்கு 2024 மார்ச்சில் டெல்லியில் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்திலும் வெவ்வேறு வயதுள்ள இரண்டு ரத்தக்கசிவு தெரிந்ததாக மருத்துவர்களே விளக்கினார்கள்: ஒன்று சில வாரம் பழையது, இன்னொன்று ஓரிரு நாள் புதியது. நடுவில் கடும் தலைவலியோடு அவர் கோவையில் விடிய விடிய சிவராத்திரியும் நடத்தியிருந்தார்! மார்ச் 17 அன்று அறுவை சிகிச்சை நடந்தது.

இந்தப் பழைய ரத்தக்கட்டு, அதாவது நாள்பட்ட சப்டியூரல், முதியவர்களின் நோய். வயதாகும்போது மூளை சுருங்குகிறது. மூளையிலிருந்து டியூராவுக்குப் போகும் சிறு சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. அலமாரிக் கதவில் லேசாக இடித்துக்கொண்டாலே போதும், ஒன்று அறுந்துவிடும். யாருக்கும் நினைவில்கூட இருக்காது. சில வாரம் கழித்துத் தாத்தா தள்ளாடுகிறார், பேச்சு குழறுகிறது, பேரன் பெயர் மறக்கிறது. வயசாகிவிட்டது என்று வீடு முடிவு கட்டிவிடுகிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் ஆபத்து இன்னும் கூடுதல். திடீரென வந்த மறதிக்கு ஒரு சி.டி. எடுத்துப் பார்க்காமல் ‘வயசு’ என்று தள்ளிவிடுவது எனக்கு ஒப்பாத பழக்கம். குணமாகும் மறதிகளில் இது முக்கியமானது.

முன்னாள் அமெரிக்க அதிபர் ரீகன் 1989 ஜூலையில் மெக்சிகோவில் குதிரையிலிருந்து விழுந்தார். செப்டம்பரில்தான் மேயோ கிளினிக்கில் இந்த ரத்தக்கட்டுக்குத் துளை. ஊர் திரும்பும்போது பாதி மழித்த தலையைத் தொப்பி தூக்கிக் காட்ட, மனைவி நான்சி கையால் மறைத்தார். ஜெர்மனியின் ஹனோவரில் 50 வயது ரசிகர் ஒருவர் மோட்டர்ஹெட் இசைக்குழுவின் கச்சேரியில் தலையை வெறிகொண்டு ஆட்டியே சப்டியூரல் வாங்கிக்கொண்டார். லான்செட் இதழ் 2014-ல் அதைப் பிரசுரித்தது!

நாள்பட்ட சப்டியூரலில் துளை போட்டு டியூராவைக் கீறியதும் வெளியே வருவது சிவப்பு ரத்தம் அல்ல. பழைய என்ஜின் ஆயில் மாதிரி கறுத்த நீர், சில நேரம் பீய்ச்சியடிக்கும். மூளைக்கு வலி தெரியாது என்பதால், பல இடங்களில் தோலுக்கு மட்டும் மரத்துப்போகும் ஊசி போட்டு முடித்துவிடுகிறார்கள். டேபிளிலேயே கைகால் பலம் திரும்பியவர்கள் உண்டு. ஒரு சின்னக் குழாயை இரண்டு நாள் உள்ளே விட்டுவைத்தால்? 2009-ல் கேம்பிரிட்ஜ் குழு நிரூபித்தது: மறுபடி ரத்தம் சேருவது 24 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாக இறங்கியது. ஒரு பிளாஸ்டிக் குழாய்!

அடிபட்ட உடனே பெருகும் சப்டியூரல் மட்டும் வேறு ஜாதி. அதில் மூளையும் அடிபட்டிருக்கும். 1981-ல் வெளியான புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வில், 4 மணி நேரத்துக்குள் அறுவை நடந்தவர்களில் இறந்தோர் 30 சதவீதம், தாண்டியவர்களில் 90. பின்னால் வந்த எல்லா ஆய்வும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டவில்லை என்றாலும், ‘நான்கு மணி நேரம்’ என்பது சர்ஜன்களின் மனதில் பதிந்துவிட்டது.

மறுபடி நாள்பட்ட சப்டியூரலுக்கு வருவோம். அதில் ஒரு வேடிக்கை. 1857-ல் ஜெர்மன் நோயியலாளர் ருடால்ஃப் விர்ச்சோ இந்த ரத்தக்கட்டை உறையின் அழற்சி என்றார். 1914-ல் பிரிட்டிஷ் சர்ஜன் வில்ஃப்ரட் டிராட்டர், இல்லை, அடிபட்டுச் சிரை அறுந்ததுதான் என்று அவரைத் தள்ளிவைத்தார். இப்போது? அடி தொடக்கம்தான், பிறகு ரத்தத்தைச் சுற்றி வளரும் சவ்வில் அழற்சியால் முளைக்கும் பலவீனமான குழாய்கள் கசிந்துகொண்டே இருக்கின்றன என்கிறார்கள். விர்ச்சோ பாதி ஜெயித்துவிட்டார்! அந்தக் குழாய்களுக்கு ரத்தம் தருவதோ, நாம் நெற்றிப்பொட்டில் பார்த்த அதே தமனி. தொடை அல்லது மணிக்கட்டு வழியே நுண்குழாய் விட்டு அதை அடைத்துவிட்டால் கட்டு வற்றும். பிரேசில் அதிபர் லூலா 2024 அக்டோபரில் குளியலறையில் விழுந்தார்; டிசம்பர் 10 அன்று மண்டையில் துளை, 12 அன்று இந்த அடைப்புச் சிகிச்சை. பலன் உண்டு என்று பெரிய ஆய்வுகள் வெளியாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை!

அடிபடாமலேயே ரத்தம் கசிவது இன்னொரு கதை. தமனிச் சுவரில் ஒரு கொப்புளம், அனியூரிசம். நூறு பேரில் ஏறக்குறைய மூன்று பேர் தலையில் இது இருக்கிறது. பெரும்பாலோருக்குக் கடைசிவரை வெடிப்பதே இல்லை. வெடித்தால் அரக்னாய்டுக்கு அடியில் ரத்தம், வாழ்க்கையிலேயே வந்திராத தலைவலி, நொடியில் உச்சம். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்த நல்ல சி.டி.யில் இது அநேகமாகத் தப்பாது. நேரம் கடந்துவிட்டால் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்து, மஞ்சளாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 1891-ல் ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிஷ் க்விங்க்கே தொடங்கிவைத்த முறை.

கொப்புளத்தைப் படம் பிடிக்க வழி செய்தவர் லிஸ்பனின் எகாஸ் மோனிஸ், 1927-ல். நோபல் எதற்குக் கிடைத்தது தெரியுமா? இதற்கல்ல, மனநோயாளிகளின் மூளையைக் கீறிய, இன்று பலரும் வெறுக்கும் அறுவைக்கு! 1937 மார்ச்சில் பால்டிமோரின் வால்ட்டர் டான்டி, கொப்புளத்தின் கழுத்தில் ஒரு வெள்ளி கிளிப்பை மாட்டினார். அதுவே முதல். அரை நூற்றாண்டு கழித்து இத்தாலியரான குய்டோ குக்லியெல்மி, மண்டையைத் திறக்காமலே தொடைத் தமனி வழியே பிளாட்டினம் சுருளை உள்ளே அனுப்பி, மெல்லிய மின்னோட்டத்தால் அதைக் கழற்றிவிட்டார். 2002-ல் 2,143 பேரிடம் நடந்த ஆய்வில், இரண்டு முறைக்கும் ஏற்றவர்களிடையே சுருளே முந்தியது. ஆனாலும் எல்லாக் கொப்புளமும் சுருளுக்கு மடங்காது. கிளிப் இன்றும் தியேட்டரில் இருக்கிறது.

துளை போதாமல் மண்டையோட்டில் கதவு திறக்க வேண்டியிருந்தால், பல துளை போட்டு அவற்றுக்கிடையே கம்பி ரம்பம் கோத்து அறுப்பார்கள். அந்த ரம்பத்தைக் கண்டுபிடித்த லியோனார்டோ ஜிக்லி மூளை சர்ஜனே அல்ல. பிரசவம் சிக்கலானால் இடுப்பெலும்பை அறுக்க அதைச் செய்த மகப்பேறு மருத்துவர்! மூளை வீங்கியிருந்தால் எடுத்த எலும்பை உடனே மூட முடியாது. எங்கே வைப்பது? நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே! கெடாமல் இருக்கும், சில வாரமோ மாதமோ கழித்து எடுத்துத் தலையில் பொருத்துவார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் வயிற்றில் தையலோடும் தலையில் பள்ளத்தோடும் இருப்பவரைப் பார்த்தால் காரணம் இதுதான்.

எலும்பே பயன்படாமல் போனால் தகடு. 1962 மார்ச்சில் பார்படாஸில், இந்திய கிரிக்கெட் கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் தலையில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து மோதியது. ஹெல்மெட் இல்லாத காலம். அவசர அறுவை; ஆறு நாள் நினைவில்லை. ரத்தம் கொடுத்தவர்களில் மேற்கிந்தியத் தீவுகள் அணியின் கேப்டன் ஃபிராங்க் வொரெலும் ஒருவர்! 21 வயது பட்டோடி இந்திய அணியின் கேப்டனானது அப்படித்தான். கான்ட்ராக்டருக்கு மண்டையில் உலோகத் தகடு பொருத்தப்பட்டது எங்கே? நம் வேலூரில்! 1949-லேயே சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கியிருந்த டாக்டர் ஜேக்கப் சாண்டியின் கையால். அடுத்த ஆண்டே, 1950-ல், சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி இன்னொரு துறையைத் தொடங்கினார். கான்ட்ராக்டர் மறுபடி முதல்தரக் கிரிக்கெட் ஆடினார். தகடு 60 ஆண்டு தலையிலேயே இருந்தது. மேலே தோல் மெலிந்துபோனதால் 2022-ல் மும்பையில் அதை எடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 88.